எல்லா பீரும் ஒரே மாதிரி கசப்பா தெரியுதுன்னா, நாக்கு மோசமா, நண்பன் கதை விடறானா?

கேள்வி கேட்டவர் சொன்னதை முதல்ல சுருக்கிடறேன். பெங்களூர்ல ஒரே ஃப்ளாட்ல இருக்கிற நாலு நண்பர்கள், மாசத்துல ஒரு சனிக்கிழமை அஞ்சாறு பீர் வாங்கிட்டு வந்து ருசி பார்த்து, ஒரு நோட்டுல பத்துக்கு இவ்ளோன்னு மார்க் எழுதுறாங்க. அதுல ஒருத்தர் ஒவ்வொரு வாய்க்கும் சிட்ரஸ், கேரமல், பூ வாசம்னு அடுக்கிட்டே போறார். இவருக்கோ எல்லாமே கசப்பு, கேஸ், ஜில்லு, அவ்ளோ தான். என் நாக்கு மோசமா, அவன் கதை விடறானா, மார்க் போட ஒழுங்கான முறை இருக்கான்னு கேட்டிருக்கார். கூட்டத்துல ஒருத்தர் அன்னைக்கு மைசூர் ரோடு வரைக்கும் போகணும்னும் எழுதியிருக்கார். மேல பார்த்தா மார்க் போடற முறையைப் பத்தின கேள்வி மாதிரி இருக்கு. உள்ள இருக்கிற கேள்வி அதை விடப் பெருசு: க்ளாஸுக்குள்ள நிஜமாவே வித்தியாசம் இருக்கா, இருந்தா அது எங்களுக்குத் தெரியுதா, இல்ல பாட்டில் மேல ஒட்டின லேபிளுக்குத் தான் நாங்க மார்க் போட்டுட்டு இருக்கோமா? நான் ஒரு ப்ரூவரியோட (பீர் காய்ச்சுற ஆலை) குவாலிட்டி லேப்ல பல வருஷம் வேலை பார்த்தவன், டேஸ்ட் பேனல்ல, அதாவது ருசி பார்த்துச் சொல்ற குழுவுல உக்காந்திருக்கேன், புதுசா வர்றவங்களுக்குப் பயிற்சியும் கொடுத்திருக்கேன். அந்த அனுபவத்துல இருந்து தான் சொல்றேன். என் பயிற்சி முக்காவாசி லாகர்ல (குளிர்ல மெதுவா புளிக்க வைக்கிற பீர் வகை), அதனால பெல்ஜியம் பக்கத்துப் புளிப்பு பீர் மாதிரி விஷயத்துல என் பேச்சுக்கு எடை கம்மின்னு வெச்சுக்கோங்க.

நேரடியா பதில் வேணும்னா: உங்க நாக்கு மோசம் இல்ல. நாக்குக்குத் தெரியறதே கசப்பு, இனிப்பு, புளிப்பு, உப்பு, உமாமி (காளான், தக்காளியில வர்ற ருசி), அதோட கேஸ் குத்துற உணர்ச்சி, இவ்ளோ தான். சிட்ரஸ், கேரமல், கிராம்பு எல்லாம் மூக்கோட வேலை. ஜில்லுன்னு இருக்கிற பீரை பாட்டில்லயே வாய் வெச்சுக் குடிச்சா மூக்குக்கு ரொம்பக் கம்மியா தான் போகும், அப்போ பெரும்பாலும் கசப்பும் கேஸும் தான் மிஞ்சும், நீங்க சொன்னது அச்சு அசலா அதையே தான். இதை இன்னைக்கே சோதிச்சுப் பார்க்கலாம், மூக்கை நல்லா மூடிக்கிட்டு ஒரு வாய் குடிங்க, முழுங்கினதும் விரலை எடுத்துட்டு மூக்கு வழியா மெதுவா மூச்சை வெளிய விடுங்க, திடீர்னு ஒரு வாசனை உள்ளுக்குள்ள இருந்து வந்து நிக்கும் பாருங்க, பீரோட ருசின்னு நாம சொல்றதுல பெரும்பங்கு அந்த ஒரு மூச்சுல தான் இருக்கு. பீர் பேனல்ல துப்பாம முழுங்கச் சொல்றதுக்கும் இது ஒரு காரணம், முழுங்கின பிறகு வர்ற வாசனையும் நின்னு பேசுற கசப்பும் துப்பினா சரியா பிடிபடாது.

ஆனா உங்க பக்கம் ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லணும். நீங்க வாங்குற ஆறும் ஒரே குடும்பத்து லாகரா இருந்தா, நிஜமாவே வித்தியாசம் ரொம்பக் கம்மி. நம்ம ஊர் கடையில பரவலா கிடைக்கிற பீர்ல பெரும்பாலானது வெளிர் லாகர் வகை, பார்லி மால்ட்டோட (முளைகட்டிக் காய வெச்ச பார்லி) அரிசியோ மக்காச்சோளமோ சர்க்கரையோ சேர்த்து, ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் கொடுக்கிற ஒரு பூ) கம்மியா போட்டு, யாருக்கும் உறுத்தாத மாதிரி செய்யறது. 2014-ல வெளியான ஒரு ஆய்வுல ஆல்மன்பெர்க், ட்ரெபர், கோல்ட்ஸ்டீன்னு மூணு பேர் செக் நாட்டு பட்வர், ஹைனிகன், ஸ்டெல்லா ஆர்டுவான்னு மூணு லாகரையும் லேபிளை மறைச்சு குடிக்கக் கொடுத்துப் பார்த்தாங்க, பெரும்பாலும் ஆளுங்களுக்கு எது எதுன்னு பிரிச்சுச் சொல்ல வரல. அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1964-ல அமெரிக்காவுல ஆலிசன், யூல்னு ரெண்டு பேர் இதே மாதிரி செஞ்சாங்க. லேபிள் இல்லாம கொடுத்தப்போ வழக்கமா பீர் குடிக்கிறவங்களுக்கே பிராண்டுக்குப் பிராண்டு பெரிய வித்தியாசம் தெரியல, லேபிளோட கொடுத்ததும் மார்க் மேல ஏறுச்சு, அவங்கவங்க வழக்கமா குடிக்கிற பிராண்டு அதுல முன்னாடி வந்துச்சு. அதனால ஒரே வகையில ஆறு வாங்கி வெச்சுக்கிட்டு ஒருத்தர் ஆறுக்கும் ஆறு விதமா வர்ணிச்சார்னா, அதுல பாதி லேபிள் பேசுறது தான். அவர் பொய் சொல்றார்னு அர்த்தம் இல்ல, அவருக்கு அது நிஜமாவே அப்படித் தெரியும், மூளை எதிர்பார்த்ததை மூக்கு மேல ஏத்திடும்.

அதனால முதல் வேலை, தூரம் தூரமா இருக்கிற வகைகளை வாங்குறது. ஒரு சாதாரண லாகர், ஒரு செக் அல்லது ஜெர்மன் பில்ஸ்னர், ஒரு ஜெர்மன் கோதுமை பீர், ஒரு பெல்ஜியன் விட் (பெல்ஜியம் பக்கத்துக் கோதுமை பீர்), ஒரு ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலான பீர்), ஒரு ஸ்டவுட் (கருப்பு பீர்). இதை ஏன் இப்படிப் பிரிச்சிருக்கேன்னா ஒவ்வொண்ணும் வெவ்வேற பொருள்ல இருந்து ருசியை எடுத்துக்குது. பில்ஸ்னர்ல பேசுறது ஹாப்ஸோட கசப்பும் மால்ட்டும். 1842-ல போஹீமியாவுல பில்ஸன் ஊர்ல யோசஃப் க்ரோல்ங்கிற பவேரியாக்காரர் முதல்முதலா காய்ச்சினது அது, இன்னைக்கு உலகம் பூரா விக்கிற வெளிர் மஞ்சள் லாகர் எல்லாம் அந்த வழியில வந்த பிள்ளைங்க தான். கசப்பை ஐபியூன்னு ஒரு அளவுல சொல்லுவாங்க, சாதாரண லாகர் 10-ல இருந்து 15-குள்ள இருந்தா பில்ஸ்னர் உர்க்கெல் 40 பக்கத்துல நிக்கும், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் குடிச்சா முதல் தடவை குடிக்கிறவங்களுக்கே தெரியும். ஜெர்மன் கோதுமை பீர்ல பேசுறது ஈஸ்ட், வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் வரும், ஆனா ரெண்டுல எதையும் உள்ள போட்டிருக்க மாட்டாங்க. புளிக்கும்போது அந்த ஈஸ்ட் விடற ஐசோஅமைல் அசிடேட் தான் வாழைப்பழத்துலயும் இருக்கிற சமாச்சாரம், கிராம்புக்கு இன்னொரு பொருள். பெல்ஜியன் விட்ல நிலைமை தலைகீழ், அதுல நிஜமாவே ஆரஞ்சுத் தோலும் மல்லி விதையும் போடறாங்க, ஆமா, நாம சாம்பார் பொடிக்கு வறுக்கிற அதே மல்லி தான். அந்த வகையே கிட்டத்தட்ட அழிஞ்சு போயிருந்துச்சு, 1960-கள்ல ஹூகார்டன் ஊர்ல பியர் செலிஸ்னு ஒருத்தர் திரும்ப உயிர் கொடுத்தார்.

ஐபிஏல உங்க நண்பர் சிட்ரஸ்னு சொன்னா அவர் கதை விடல. ஹாப்ஸை ரொம்ப நேரம் கொதிக்க வெச்சா அதுல இருக்கிற ஆல்ஃபா ஆசிட் உருமாறி கசப்பா இறங்கும், ஆனா அதோட எண்ணெய் வாசனை ஆவியோட போயிடும். அதே ஹாப்ஸை கொதி முடியற நேரத்துலயோ, புளிச்சு முடிஞ்சு ஆறின பீர்லயோ போட்டா வாசனை அப்படியே தங்கும். அமெரிக்க ஹாப்ஸ்ல கேஸ்கேட்ங்கிறது பம்ப்ளிமாஸ் வாசம் அடிக்கும், சிட்ராங்கிறது மாம்பழம், லிச்சி பக்கம் போகும். பழமே போடாம பழ வாசனை எப்படின்னு கேக்கறவங்களுக்கு இது தான் பதில். ஸ்டவுட்ல பேசுறது கருக வறுத்த பார்லி, காபிக்கொட்டை வறுக்கிற வாசம் அதுல இருந்து வருது. இதுல இன்னொரு தப்பான நம்பிக்கையும் இருக்கு, கருப்பா இருந்தா போதை ஜாஸ்தின்னு. கறுப்புக் குடம் மாதிரி இருக்கிற கின்னஸ் டிராஃப்ட் 4.2 சதவீதம் தான், பொன் நிறத்துல இருக்கிற நம்ம ஊர் ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் வரைக்கும் போகும், நிறத்துக்கும் ஆல்கஹாலுக்கும் சம்பந்தம் கிடையாது. இலங்கையில இருந்து படிக்கிறவங்களுக்கு லயன் ஸ்டவுட் கிடைக்கும், அது கருப்பாவும் இருக்கும் 8.8 சதவீதமும் இருக்கும், மைக்கேல் ஜாக்சன்னு 2007-ல காலமான இங்கிலாந்து பீர் எழுத்தாளர் ஒருத்தர் (பாடகர் வேற) அதை ரொம்பப் புகழ்ந்து எழுதினதால வெளிநாட்டுலயும் அதுக்குப் பேர் உண்டு.

வார்த்தை விஷயத்துல நான் கொஞ்சம் பிடிவாதமா இருப்பேன். புதுசா பேனலுக்கு வர்ற பசங்க கிட்ட நான் முதல்ல சொல்றதே, இங்கிலீஷ் லேபிள்ல இருக்கிற வார்த்தையை எடுக்காதீங்க, உங்க வீட்டு வாசனையைச் சொல்லுங்கன்னு தான். ப்ளாக் கரண்ட்டை வாழ்க்கையில பார்க்காத ஆள் ப்ளாக் கரண்ட்னு எழுதினா அந்த வார்த்தைக்குப் பின்னாடி ஒரு ஞாபகமும் இல்ல, அடுத்த மாசம் அதே வாசனை வந்தா அவருக்கே அடையாளம் தெரியாது. கருப்பட்டி, வெல்லப்பாகு, பொரி, ஊற வெச்ச நெல்லு, நெய் காய்ச்சுற வாசம், சோளக்கதிர் வேகுற வாசம், புளிச்ச மோர், மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி, இதெல்லாம் பீர்ல நிஜமாவே வர்றவை, நமக்கு சின்ன வயசுலயே மூக்குல பதிஞ்சவை. மல்லி, கிராம்பு, ஏலக்காய் மூணையும் கண்ணை மூடிட்டுப் பிரிச்சுச் சொல்றதுல நம்ம சமையக்கட்டுல வளர்ந்தவங்க பின்தங்கினதை நான் பார்த்ததில்ல. நீங்க அடுத்த தடவை உக்காரும்போது ஒரு தட்டுல ரெண்டு கிராம்பு, கொஞ்சம் நுணுக்கின மல்லி, ஒரு துண்டு வாழைப்பழம், ஆரஞ்சுத் தோல், காபிக்கொட்டை, ஒரு துண்டு கருப்பட்டி வெச்சுக்கோங்க, பீரை மோந்துட்டு தட்டை மோந்துட்டு திரும்ப பீரை மோந்து பாருங்க. ப்ரூவரியில பயிற்சி கொடுக்கிறதும் இதே அடிப்படையில தான், பீர்லயே குறிப்பிட்ட ஒரு வாசனைப் பொருளைத் துளி கலந்து, பேரைச் சொல்லி, பேர் சொல்லாமன்னு மாத்தி மாத்தி மோக்க வைப்பாங்க. மோக்கும்போது நீளமா இழுக்காதீங்க, சின்ன சின்னதா ரெண்டு மூணு தடவை போதும், மூக்கு சீக்கிரம் பழகிடும், பழகினா வாசனையே இல்லன்னு நினைச்சுப்பீங்க.

இனி லேபிளை மறைக்கிற விஷயம், இந்தப் பதில்ல ஒண்ணே ஒண்ணு தான் எடுத்துக்குவீங்கன்னா இதை எடுத்துக்கோங்க. ருசி பார்க்கிற நாலு பேர் போக, குடிக்காதவரோ அன்னைக்கு வண்டி ஓட்டப் போறவரோ இன்னொருத்தர் இருந்தா ரொம்ப நல்லது, அவர் கிச்சன்ல ஊத்தி க்ளாஸுக்கு அடியில நம்பர் மட்டும் ஒட்டிக் கொண்டு வரட்டும். எல்லாரும் வாயைத் திறக்காம முதல்ல எழுதணும், அப்புறம் தான் பேச்சு. முதல்ல பேசுறவர் என்ன சொல்றாரோ மத்தவங்க மூக்குல அதுவே ஏறிடும், பயிற்சி எடுத்தவங்க பேனல்லயே இது நடக்கும், அதனால தான் அங்க தனித்தனி தடுப்பு வெச்சு உக்கார வைக்கிறாங்க. எப்போ சொல்றோம்ங்கிறது எவ்ளோ முக்கியம்னு 2006-ல ஒரு ஆய்வு வந்துச்சு, லீ, ஃப்ரெடரிக், ஏரியலின்னு மூணு பேர் செஞ்சது. எம்ஐடி பக்கத்து பப்ல ஆளுங்களுக்கு ஒரு சாதாரண பீரும், சில துளி பால்சமிக் வினிகர் கலந்த அதே பீரும் கொடுத்தாங்க. வினிகர் இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சவங்க பெரும்பாலும் அதை ஒதுக்கிட்டாங்க. ஒண்ணுமே தெரியாம குடிச்சவங்கள்ல நிறைய பேருக்கு அது பிடிச்சிருந்துச்சு. குடிச்ச பிறகு தெரிஞ்சவங்க விருப்பம், கடைசி வரை தெரியாதவங்க விருப்பத்தை ஒட்டியே இருந்துச்சு, அதாவது விஷயம் முன்னாடி தெரிஞ்சா ருசியையே மாத்திடுது, பின்னாடி தெரிஞ்சா அவ்வளவா மாத்தல. அதனால மார்க் எழுதின பிறகு லேபிளைத் திறங்க, திறந்த பிறகு மார்க்கைத் திருத்தக் கூடாதுன்னு ஒரு விதி வெச்சுக்கோங்க.

உங்க நண்பருக்கு நிஜமாவே தெரியுதான்னு பார்க்க ஒரு பழைய முறை இருக்கு, 1940-கள்ல டென்மார்க் கார்ல்ஸ்பெர்க் ப்ரூவரியில உருவானது, இன்னைக்கும் உலகம் பூரா உணவு லேப்கள்ல இதைத் தான் பண்றாங்க. மூணு க்ளாஸ், ரெண்டுல ஒரே பீர், ஒண்ணுல வேற பீர், எது ஒத்தை ஆள்னு கண்டுபிடிக்கணும். வர்ணிக்க வேண்டாம், பிடிச்சிருக்கா சொல்ல வேண்டாம், வித்தியாசமானதைக் காட்டினா போதும். சும்மா குருட்டாம்போக்குல காட்டினாலே மூணுல ஒரு வாய்ப்பு சரியாகிடும்ங்கிறதை மறக்காதீங்க. நாலு பேர்ல மூணு பேர் சரியா காட்டினா பிரமாதம்னு தோணும், ஆனா கணக்குப் போட்டா நாலுல மூணு பேருக்குக் குறையாம குருட்டு அதிர்ஷ்டத்துல சரியாகறது ஒன்பதுல ஒரு தடவை நடக்கும், அதை வெச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது. நாலு பேரும் சரியா காட்டினா 81-ல ஒண்ணு, அப்போ நம்பலாம். ஒவ்வொருத்தரும் ரெண்டு தடவை செஞ்சு மொத்தம் எட்டுல ஆறு சரின்னா அம்பதுல ஒண்ணு கிட்ட வரும், அதுவும் பரவாயில்ல. சின்ன எண்ணிக்கையை வெச்சுக்கிட்டு எந்த அளவுக்குப் பேசலாம்ங்கிற இந்தக் கணக்குக்கும் பீருக்கும் நேரடி உறவே இருக்கு, புள்ளியியல் படிச்சவங்களுக்குத் தெரிஞ்ச ஸ்டூடண்ட் டி டெஸ்ட் இருக்கே, அதை 1908-ல ஸ்டூடண்ட்ங்கிற புனைபேர்ல வெளியிட்ட வில்லியம் காசெட் டப்ளின் கின்னஸ் ப்ரூவரியில வேலை பார்த்தவர்.

மார்க்குக்கு வருவோம். பத்துக்கு ஒரே மார்க் போடறதுல என்ன சிக்கல்னா ரெண்டு தனித்தனி கேள்வியை அது ஒண்ணா கலந்துடுது, பீர் ஒழுங்கா செஞ்சிருக்கான்னு ஒண்ணு, எனக்குப் பிடிச்சிருக்கான்னு ஒண்ணு. அமெரிக்காவுல 1985-ல ஆரம்பிச்ச பிஜேசிபின்னு ஒரு நடுவர் அமைப்பு 50 மார்க்குக்கு ஒரு தாள் வெச்சிருக்கு, அதுல வாசனைக்கு 12, பார்வைக்கு 3, ருசிக்கு 20, வாய் உணர்ச்சிக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. பார்வைக்கு வெறும் 3 தான்ங்கிறதைக் கவனிங்க, நாம நுரையையும் நிறத்தையும் பார்த்து மயங்குற அளவுக்கு அதுக்கு மதிப்பு இல்ல. ஆனா அந்தத் தாள் ஒரு பீர் அதோட வகைக்கு எவ்ளோ நெருக்கமா இருக்குன்னு அளக்கறதுக்கு, நண்பர்கள் கூட்டத்துக்கு அது அதிகம். நீங்க ரெண்டு வரி வார்த்தை, குறைன்னு ஏதாவது தெரிஞ்சுதா, இன்னொரு க்ளாஸ் கேப்பேனா மாட்டேனா, அவ்ளோ எழுதினா போதும்னு நான் சொல்வேன். நம்பர் கட்டாயம் வேணும்னா ஒரு வேலை பண்ணுங்க, ஊத்துறவர் கிட்ட சொல்லி ஆறுல ஒரு பீரை யாருக்கும் தெரியாம ரெண்டு தடவை, வேற வேற நம்பர்ல கொண்டு வரச் சொல்லுங்க. ஒரே பீருக்கு நீங்க ஒரு தடவை 7-ம் இன்னொரு தடவை 5-ம் போட்டிருந்தா, உங்க நோட்டுல ரெண்டு மார்க் வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லன்னு அன்னைக்கே தெரிஞ்சிடும். இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல, கலிஃபோர்னியாவுல ஒயின் நடுவர்களுக்கு ஒரே பாட்டில்ல இருந்து மூணு தடவை ஊத்திக் கொடுத்துப் பார்த்து ராபர்ட் ஹாட்ஜ்சன் 2008-ல எழுதினார், பத்துல ஒருத்தர் அளவுக்குத் தான் மூணுக்கும் ஒத்துப்போற மார்க் போட்டாங்க. வருஷக்கணக்கா அதே தொழில்ல இருக்கிறவங்க அவங்க.

குறை கண்டுபிடிக்கிறது பிடிச்சது சொல்றதை விட சுலபமா கத்துக்கலாம், உறுதியாவும் சொல்லலாம், ஏன்னா அதுக்குப் பின்னாடி இருக்கிற ரசாயனம் தெளிவா தெரிஞ்சது. வெண்ணெய் போட்ட பாப்கார்ன் வாசம் வந்தா டையசிட்டைல்ங்கிற பொருள், ஈஸ்ட்டை வேலை முடிக்க விடாம அவசரப்படுத்தினா தங்கும். பச்சை ஆப்பிள் வாசம்னா அசிட்டால்டிஹைட், பீர் முழுசா பக்குவம் ஆகாததோட அடையாளம். வெந்த சோளம்னா டிஎம்எஸ் (டைமெத்தில் சல்ஃபைடுங்கிற கந்தகப் பொருள்). நனைஞ்ச அட்டைன்னா பழசாகி காத்துல இருந்த ஆக்சிஜன் வேலை பார்த்திருக்கு, நம்ம ஊர் வெயில்ல லாரியிலயும் குடோன்லயும் கிடந்து வர்ற பீர்ல இது தான் நான் அதிகமா பார்த்த குறை. அதனால வாங்கும்போது விலையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி லேபிள்ல தயாரிச்ச தேதியைப் பாருங்க, பேர் போன வெளிநாட்டு பீர் ஆறு மாசம் பழசா இருக்கிறதுக்கு, போன மாசம் நிரப்பின சாதாரண லாகர் எவ்வளவோ மேல். வெளிச்சம் பட்டு வர்ற நாத்தம் தனி. ஹாப்ஸ் கசப்புப் பொருள் மேல வெளிச்சம் பட்டா கந்தகம் கலந்த ஒரு பொருள் உண்டாகுது, எரிஞ்ச ரப்பரும் அழுகின வெங்காயமும் சேர்ந்த மாதிரி, துளிக்கும் துளி அளவு இருந்தாலே மூக்குக்குத் தெரியும். ப்ரௌன் பாட்டில் அந்த வெளிச்சத்தை நல்லா தடுக்கும், பச்சை பாட்டில் சரியா தடுக்காது, நிறமே இல்லாத கண்ணாடி பாட்டில் சுத்தமா தடுக்காது, கேன்ல பிரச்சனையே இல்ல. பால்கனியில ஒரு க்ளாஸ் பில்ஸ்னரை நல்ல வெயில்ல பதினஞ்சு இருபது நிமிஷம் வெச்சு, இன்னொண்ணை அலுமினியம் ஃபாயில் சுத்திப் பக்கத்துலயே வெச்சு, ரெண்டையும் மோந்து பாருங்க. எங்க மூக்கு வேலை செய்யுதான்னு சந்தேகப்படுறவங்களுக்கு இதை விட நல்ல மருந்து எனக்குத் தெரியல.

இந்த இடத்துல கிளிசரின் கதையையும் சொல்லிடறேன், ஏன்னா அடுத்த கேள்வியா அது தான் வரும். பீர்ல கிளிசரின் ஊத்துறாங்க, பாட்டிலைத் தண்ணிக்குள்ள கவுத்துப் பிடிச்சா கொழகொழன்னு அது கீழ இறங்கும்னு பல வருஷமா நம்ம பக்கம் ஒரு நம்பிக்கை. கிளிசரின் தண்ணியில முழுசா கரையற பொருள், கரைஞ்சது அப்படித் தனியா பிரிஞ்சு இறங்காது. ஈஸ்ட் புளிக்க வைக்கும்போதே இயல்பா அது உண்டாகும், பீர்ல லிட்டருக்கு ஒண்ணு ரெண்டு கிராம் அளவுக்கு இருக்கும், ஒயின்ல அதை விட ஜாஸ்தி. கவுத்தா இறங்கி வர்றது பீரே தான், மீதி சர்க்கரை கரைஞ்சிருக்கிறதால பெரும்பாலும் அது தண்ணியை விட லேசா கனம், அதனால கோடு கோடா கீழ வழியறது கண்ணுக்குத் தெரியுது, அந்த இடத்துக்குத் தண்ணி மேல ஏறி உங்க பீரை நீர்த்துப்போக வைக்குது.

நடைமுறை விஷயம் சிலது. க்ளாஸ்ல சோப்பு வழவழப்போ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தா நுரை நிக்காது, கழுவிட்டு நல்ல தண்ணியில ரெண்டு தடவை அலசி கவுத்து வைங்க. ஃப்ரீசர்ல வெச்ச க்ளாஸ் வேண்டாம், ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து லாகரை அஞ்சு நிமிஷம், ஸ்டவுட்டையும் ஐபிஏவையும் கால் மணி நேரம் வெளிய வெச்சுட்டு ஊத்துங்க, குளிர் ஜாஸ்தியானா வாசனை எழும்பவே எழும்பாது. வரிசை முக்கியம், கசப்பும் வறுவலும் கம்மியானதுல ஆரம்பிச்சு மேல போங்க, ஐபிஏ குடிச்ச வாயில அடுத்து வர்ற லாகர் தண்ணி மாதிரி தான் இருக்கும். தொட்டுக்க மசாலா கடலை, சில்லி சிக்கன் எல்லாம் மார்க் எழுதி முடிச்ச பிறகு, அதுவரைக்கும் உப்பு காரம் இல்லாத வெறும் பொரியும் தண்ணியும் போதும். ஒரு பீருக்கு 75 மில்லி தாராளம். ஆறு பீர் ருசி பார்த்தாலும் 450 மில்லி, சராசரி 5.5 சதவீதம்னு வெச்சா கிட்டத்தட்ட 20 கிராம் ஆல்கஹால், ஒரு 650 மில்லி ஸ்ட்ராங் பாட்டில் முழுசா குடிச்சா 41 கிராம். ஆனா இந்த 20 கிராமே வண்டி ஓட்டுறவருக்கு ஆபத்து தான், நம்ம சட்டத்துல வரம்பு 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம், 65 கிலோ ஆள் அதைத் தாண்டிட நிறைய வாய்ப்பு இருக்கு. ருசி பார்க்கிறது மட்டும் தானேன்னு நினைச்சு யாரும் பைக்கை எடுக்காதீங்க. இதை உங்க கேள்வியில ஒருத்தர் மைசூர் ரோடு வரைக்கும் போகணும்னு எழுதியிருந்ததால அழுத்திச் சொல்றேன்.

இதுவரைக்கும் சொன்னதுல பெரும்பாலானது எனக்கு உறுதியானது. உறுதி குறைஞ்ச விஷயங்களும் இருக்கு. கசப்பு நாக்கோட பின்பக்கம் மட்டும் தான் தெரியும்னு படம் போட்டுக் காட்டுவாங்க, அது தப்பு, 1901-ல வந்த ஒரு ஜெர்மன் ஆய்வைப் பின்னாடி வந்தவங்க தப்பா படிச்சதுல பிறந்தது, நாக்குல எல்லா இடத்துலயும் எல்லா ருசியும் தெரியும். ஆனா ஆளுக்கு ஆள் கசப்பு வேற வேற அளவுல தெரியறது நிஜம், பிறவியிலயே வர்ற வித்தியாசம் அதுல உண்டு. அது ஒருத்தருக்கு பீர் பிடிக்குமா பிடிக்காதாங்கிறதை எவ்ளோ தூரம் தீர்மானிக்குதுன்னு கேட்டா ஆய்வுகள் ஒரே பக்கமா பேசல, பழக்கமும் நிறைய சேருது. சில வாசனை சிலருக்கு சுத்தமா பிடிபடாததும் உண்டு, எங்க பேனல்ல மத்த எல்லாத்தையும் கூர்மையா பிடிக்கிற ஒருத்தருக்கு அந்த வெண்ணெய் வாசம் மட்டும் தெரியவே தெரியாது, அதனால அந்தக் குறையைச் சோதிக்கிற அன்னைக்கு அவரைக் கூப்பிட மாட்டோம். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி வடிவத்துல க்ளாஸ் வேணும்ங்கிறதுல கொஞ்சம் உண்மையும் நிறைய விற்பனையும் இருக்குன்னு நினைக்கிறேன், மேல லேசா குறுகின ஒரே மாதிரி க்ளாஸ் நாலு இருந்தா வீட்டுக்குப் போதும். பீருக்கு ரேட்டிங் போடற ஆப்ல மத்தவங்க போட்ட ஸ்டாரை நம்பி வாங்கலாமான்னா, அங்க அடர்த்தியான, போதை ஜாஸ்தியான ஸ்டவுட் எல்லாம் மேலயும் லேசான லாகர் எல்லாம் கீழயும் தான் எப்பவும் நிக்கும், சுத்தமா செஞ்ச ஒரு நல்ல லாகருக்கு அங்க நியாயம் கிடைக்காது. குறையை மறைக்க இடமே இல்லாத பீர் அது, செய்யறவங்களுக்குத் தான் அதோட கஷ்டம் தெரியும், இதை மட்டும் நான் எங்க போனாலும் சொல்லுவேன்.

அடுத்த சனிக்கிழமைக்கு ஆறு வேண்டாம், நாலு வாங்குங்க: நீங்க வழக்கமா குடிக்கிற லாகர், ஒரு பில்ஸ்னர், ஒரு ஜெர்மன் வகை கோதுமை பீர், ஒரு ஸ்டவுட். பில்ஸ்னரை ஊத்துறவர் ரகசியமா ரெண்டு தடவை கொண்டு வரட்டும். பாட்டில் கிடைக்கலன்னா பெங்களூர்ல இருக்கிற உங்களுக்கு ஒரு வசதி, 2010-ல இந்திராநகர்ல டாய்ட்ங்கிற ப்ரூபப் திறந்ததுல இருந்து அங்கயே காய்ச்சி ஊத்துற இடங்கள் ஊர் முழுக்க வந்திடுச்சு, பல இடத்துல சின்ன க்ளாஸ்ல நாலஞ்சு வகை சேர்த்து ஒரே பலகையில தருவாங்க, புதுசா காய்ச்சின கோதுமை பீரோட வாழைப்பழ வாசத்தை அங்க தான் முழுசா பிடிக்க முடியும். முதல்ல லாகரையும் பில்ஸ்னரையும் வெச்சு மூணு க்ளாஸ் சோதனையை நாலு பேரும் ரெண்டு தடவை செஞ்சு பாருங்க, சிட்ரஸ் சொல்ற நண்பரையும் சேர்த்துத் தான். எட்டுல எத்தனை சரின்னு இங்கயே கீழ எழுதுங்க, ரெண்டு தடவை வந்த பில்ஸ்னருக்கு அவங்கவங்க என்ன மார்க் போட்டீங்கங்கிறதையும் சேர்த்து எழுதினா, உங்க நோட்டுல இதுவரைக்கும் இருக்கிற மார்க்ல எதை வெச்சுக்கலாம் எதை விடலாம்னு நான் பார்த்துச் சொல்றேன்.